உதவியாளர் பணியிடம் காலி

ஜூன் 3, செவ்வாய்

காலையில் வந்த பெண் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே போய்விட்டாள். "நல்ல அனுபவம் உள்ள ஆள் சார், உங்க வீட்டுல ஒருத்தி மாதிரி இருந்து பாத்துக்கிடுவா" என்று சொல்லித்தான் ஏஜென்சிக்காரன் அனுப்பினான். வந்தவள் செருப்பைக் கழற்றும்போதே வைஃபை உண்டா என்று கேட்டாள். அதுகூடப் போகட்டும். சொர்ணம் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீ எந்த சென்டரு? லீவு எழுதிக் குடுத்துட்டு வந்தியா?" என்று கேட்டாள். அந்தப் பெண் சிரித்துவிட்டாள். வேலை விஷயம் பேசும்போது சிரித்தால் சொர்ணத்துக்கு ஆகாது. கையில் இருந்த தட்டை வீசினாள். தட்டில் சட்னி இருந்தது.

"அம்மா அடிப்பாங்கன்னு நீங்க சொல்லவே இல்லயே சார்" என்று ஏஜென்சிக்காரன் போனில் என் மேலேயே பாய்கிறான். மறதி நோய், கோபம் வரும், பொறுமையான ஆள் வேண்டும் என்று படித்துப் படித்துச் சொன்னேன். வேறு ஆள் கேட்டால், "உங்க ஆளுகளாப் பாக்கவா, இல்ல யாரா இருந்தாலும் பரவால்லயா?" என்கிறான். என் பெண்டாட்டியைக் குளிப்பாட்டிவிட வருகிறவளின் சாதி எனக்கு எதற்கு? நன்றாகக் கத்திவிட்டுப் போனை வைத்தேன். கத்தினால் இப்போதெல்லாம் மூச்சு வாங்குகிறது. வயசானால் அப்படித்தான்.

செக்கிங் இன்ஸ்பெக்டராகக் காலமெல்லாம் பஸ்ஸில் ஏறி இறங்கியவன் நான். டிக்கெட் எடுக்காதவன் முகம் கூட்டத்தில் எங்கே இருந்தாலும் எனக்குத் தெரியும். இந்த ஏஜென்சிக்காரனை நேரில் பார்த்ததில்லை. குரலே அப்படித்தான் இருக்கிறது.

ஜூன் 4, புதன்

ஏஜென்சிக்குத் திரும்பவும் போன். பாட்டு மட்டும் கேட்டது.

ஜூன் 6, வெள்ளி

எட்டயபுரம் ரோட்டில் புதிதாகக் கட்டியிருக்கும் முதியோர் இல்லத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். சேர்க்க அல்ல. பகலில் மட்டும் சில மணி நேரம் வைத்துக்கொள்வார்களா என்று கேட்கத்தான். அதுவரை எதிர்வீட்டு ஆபிதா சொர்ணத்துடன் இருந்தாள்.

வாசலில் பூந்தொட்டி, வரவேற்பில் ஏசி. மேனேஜர் அன்பாகப் பேசினார். கடைசியில், "எங்க விதிமுறை என்னன்னா சார், தானா எந்திரிச்சு, தானா குளிச்சு, தானா சாப்பிடுறவங்களத்தான் எடுப்போம்" என்றார். தானாக எழுந்து குளித்துச் சாப்பிடுகிறவன் இங்கே எதற்கய்யா வருகிறான், பூந்தொட்டி பார்க்கவா என்று கேட்டேன். தண்ணீர் கொடுத்து உட்காரச் சொன்னார். நான் வேர்த்துப்போய் நின்றது அவருக்குப் பயமாக இருந்ததாம். வெயிலில் வந்தால் வேர்க்காமல் என்ன செய்யும்?

திரும்பி வந்து சோறு வடித்தேன். சொர்ணம் பள்ளிக்கூடச் சத்துணவு சென்டரில் அமைப்பாளராக இருந்தவள். ஓய்வு பெற்று வெகுகாலம் ஆகிறது. அது அவளுக்கு மட்டும் தெரியாது. பள்ளிக்கூடத்தில் சமையல் ஆனதும் முதல் கரண்டியை அவள் ருசி பார்க்க வேண்டும், பிறகுதான் பிள்ளைகளுக்குப் பரிமாறுவார்கள். பிள்ளைகள் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் அவள் உட்காருவாள். இப்போதும் அதே கதைதான். ஒரு வாய் ருசி பார்த்துவிட்டு, "உப்பு கம்மி. பிள்ளைக சாப்பிட்டாச்சா?" என்று கேட்பாள். "ஆச்சு" என்று நான் பொய் சொன்னால்தான் தட்டைத் தன் பக்கம் இழுப்பாள். இன்றும் பொய் சொன்னேன், சாப்பிட்டாள். எனக்குப் பசியில்லை.

ஜூன் 8, ஞாயிறு

ஓசூரிலிருந்து வடிவு வீடியோவில் வந்தாள். ஞாயிறு தவறாமல் வருவாள். மகள் என்றால் அப்படி இருக்க வேண்டும். காலையிலேயே சொர்ணத்தைக் குளிப்பாட்டி, தலைவாரி, பூ வைத்து, ஜன்னல் பக்கம் வெளிச்சத்தில் உட்காரவைத்தேன். "நல்லாருக்கியா தாயி? வேலையெல்லாம் நல்லாப் போகுதா?" என்று சொர்ணம் அழகாகக் கேட்டாள். யாரிடம் கேட்கிறோம் என்று அவளுக்குத் தெரியாது. வடிவுக்குத் தெரிந்தால்தானே!

"அப்பா, அம்மா தெளிவாத்தான பேசுறாங்க. நீங்கதான் ஏஜென்சில சண்ட போட்டு வாற ஆளுகளையும் விரட்டுறீங்க" என்கிறாள். பெற்ற மகளே இப்படிப் பேசினால் ஊரானைச் சொல்லி என்ன? போனைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்துவிட்டேன்.

ஜூன் 11, புதன்

சொர்ணத்துக்கு மாத்திரை எழுதி வாங்க டாக்டரிடம் போனேன். அவர் அவளைப் பார்த்ததைவிட என் காலைப் பார்த்ததுதான் அதிகம். நோயாளியைக் கூட்டிக்கொண்டு போனால் கூடப் போனவனைச் சோதிக்கிற டாக்டரை இப்போதுதான் பார்க்கிறேன். "இருதயம் சரியா வேல செய்யல. நீங்க உடனே அட்மிட் ஆகணும் சங்கரலிங்கம் சார். தள்ளிப்போட்டா ஆபத்து" என்றார். நான் அங்கே படுத்தால் இவளை யார் பார்ப்பது என்றேன். "யாரையாவது ஏற்பாடு பண்ணுங்க" என்றார்.

யாரையாவது! அந்த யாரைத்தானே நான் தெருத்தெருவாகத் தேடிக்கொண்டிருக்கிறேன்? அந்த ஆளின் போன் நம்பரையும் சீட்டில் எழுதிக் கொடுங்கள் என்றேன். அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்.

வடிவிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் அம்மாவை ஓர் இல்லத்தில் சேர்த்துவிட்டு வாருங்கள் என்பாள். சொர்ணத்தை எங்கேயும் விட மாட்டேன்.

ஜூன் 13, வெள்ளி

ஆபிதா ஒரு நல்ல செய்தி கொண்டுவந்தாள். தூத்துக்குடியில் ஓர் அறக்கட்டளை இருக்கிறதாம். வீட்டோடு கிடக்கும் வயதானவர்களுக்குப் பகலில் ஆள் அனுப்புகிறார்களாம், காசு கிடையாது. ஆனால் வீட்டுக்கு வந்து பார்த்துத்தான் முடிவு செய்வார்களாம். இந்தத் தடவை பாட்டு இல்லை, ஒரு மனுஷி பேசினாள். ஜெபராணி என்று பேர். நர்ஸாக இருந்தவளாம். அடுத்த வெள்ளி வருகிறாள்.

ஜூன் 19, வியாழன்

நாள் முழுக்க வீட்டைக் கழுவினேன். சொர்ணம் நனைத்த மெத்தையை மாடிக்குத் தூக்கிக்கொண்டுபோய் மறைத்தேன். படியில் பாதியில் உட்கார வேண்டியதாயிற்று. படி கட்டியவன் சரியாகக் கட்டவில்லை. அவள் கிழித்துப்போட்ட காலண்டர், சுவரில் பூசியதைத் தேய்த்த கறை எல்லாம் போயே போச்சு. பாத்ரூமில் பினாயில் மணக்கிறது. அவளுடைய மாம்பழக் கலர் பட்டுச்சேலையை எடுத்து வைத்திருக்கிறேன். ஒருத்தர் வீடு தேடி வருகிறார் என்றால் நாம் ஒழுங்காக இருக்க வேண்டாமா?

ஜூன் 20, வெள்ளி

என் கண்ணே என்னை ஏமாற்றிவிட்டது. நல்ல மனுஷி என்றுதான் நினைத்தேன்.

ஜெபராணி வந்தபோது சொர்ணம் பட்டுச்சேலையில் பளிச்சென்று எழுந்து நின்று வணக்கம் வைத்தாள். ஆபீசர் யாராவது வந்தால் அவளுக்கு உடம்பில் எங்கிருந்தோ ஒரு தெம்பு வந்துவிடும். "வாங்க மேடம், உக்காருங்க. வெயில்ல வந்திருக்கீக, மோரு சாப்பிடுங்க" என்றாள். மோர் நான் தயாராக வைத்திருந்தேன்.

"எப்படி இருக்கீங்கம்மா?"

"எல்லாம் சரியா இருக்கு மேடம், ஒரு குறையும் இல்ல. பிள்ளைக நல்லாச் சாப்பிடுதாக."

பேரப் பிள்ளைகளைச் சொல்கிறாள் என்று அந்த அம்மாள் நினைத்திருப்பாள். "கூடமாட உதவிக்கு ஆள் தேவைப்படுதாம்மா?" என்று கேட்டாள்.

"எதுக்கு மேடம்? இருக்கிற ஆள வச்சுச் சமாளிச்சிருவோம்" என்றாள் என் தர்மபத்தினி. மேலதிகாரி கேட்டால் அமைப்பாளர்கள் சொல்லும் பதில் அதுதான். இல்லையென்று சொன்னால் ரிப்போர்ட்டில் குறை எழுதிவிடுவார்களே.

"அவ சும்மா சொல்லுதா, ராத்திரிப் பகலா நிம்மதி கிடையாது" என்று நான் சொன்னேன். ஜெபராணி பாத்ரூமை எட்டிப் பார்த்தாள், கட்டிலைப் பார்த்தாள். பிறகு என்னிடம், "உங்களால பாத்துக்க முடியுதா சார்? உங்க உடம்பு எப்படி இருக்கு?" என்றாள். நான் பேன்ட் போட்டு சாக்ஸும் போட்டிருந்தேன். ஷூ ஏற மறுத்துவிட்டது. "எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன். ஆள் கேட்டது அவளுக்கு" என்றேன்.

இன்னும் பல வீடு பார்க்க வேண்டும் என்று மோரைக் குடித்துவிட்டுப் போய்விட்டாள். அவள் தலை மறைந்ததும் சொர்ணம் பட்டுச்சேலையோடு மூலையில் உட்கார்ந்து ஒன்றுக்குப் போனாள். ஒரு பத்து நிமிஷம் முன்னாடி போயிருக்கக் கூடாதா?

ஜூன் 23, திங்கள்

தகுதி இல்லையாம். "உங்களவிட மோசமான நிலமைல நிறையப் பேர் காத்திருக்காங்க சார். அம்மா நல்லாப் பேசுறாங்க, வீடும் ரொம்பச் சுத்தமா இருக்கு. அடுத்த வருஷம் பாக்கலாம்" என்று போனில் சொல்கிறாள்.

வீடு சுத்தமாக இருப்பது குற்றம் என்று எனக்கு இதுவரை யாரும் சொல்லவில்லை. அடுத்த வருஷமாம்! அடுத்த வருஷம் இங்கே யார் இருக்கப் போகிறார்கள்? சொர்ணத்தைச் சொல்கிறேன்.

ஜூன் 24, செவ்வாய்

ஆபிதாவிடம் அந்த அறக்கட்டளையைக் கிழி கிழி என்று கிழித்தேன். அவள் தைத்துக்கொண்டிருந்த ஜாக்கெட்டை மடியில் போட்டுவிட்டு என்னைக் கிழித்தாள்.

"மாமா, நான் ஒண்ணு சொன்னாக் கோவப்படக் கூடாது. அந்தம்மா வாறாகன்னு வீட்ட வெள்ளையடிக்காத கொறையாக் கழுவி விட்டீக. அத்தைக்குப் பட்டு, பூவு. கல்யாண வீடு கணக்கா இருந்துச்சு. அந்தம்மா எதப் பாத்து ஆளு போடும்? வடிவுக்கும் இப்பிடித்தான வாராவாரம் படம் காட்டுதீக?"

"அதுக்காக வீட்ட நாறப் போட்டு வச்சு வந்தவகளுக்குக் காட்டச் சொல்லுதியா? சொர்ணம் எப்பேர்ப்பட்ட பொம்பளன்னு உனக்குத் தெரியுமா? கலெக்டர் வந்து பாத்துக் கைகுடுத்த சென்டரு அவ சென்டரு."

"தெரியும் மாமா. அந்த அத்தை இப்ப இல்லல்லா?"

எனக்கு வந்த கோபத்தில் எழுந்துவிட்டேன். அவளோ தையல் மெஷினை ஓட்டிக்கொண்டே, "அத்தைய டீச்சர்னு கூப்பிட்டுப் பாருங்க, சொன்னதக் கேக்கும். நான் அப்பிடித்தான் மாத்திர குடுக்கேன்" என்று வேறு சேர்த்துக்கொண்டாள். சென்டரில் எல்லாரும் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள், உண்மைதான். அதற்காகக் கட்டின பெண்டாட்டியைப் புருஷன் டீச்சர் என்று கூப்பிட வேண்டுமா? சொர்ணம் என்றுதான் கூப்பிட்டேன், கூப்பிடுவேன்.

ஜூன் 26, வியாழன்

"அண்ணாச்சி, கொழம்பு ஆயிருச்சா?" என்று சொர்ணம் கேட்டாள். வாசலில் காய்கறிக்காரர் நின்றார். அவரைத்தான் கேட்டிருப்பாள்.

ஜூன் 29, ஞாயிறு

பாத்ரூமில் கொஞ்சம் வழுக்கிவிட்டது. பெரிதாக ஒன்றும் இல்லை, எழுந்திருக்கத்தான் நேரமாயிற்று. அதற்குள் வடிவு வீடியோவில் கூப்பிட்டிருக்கிறாள். சொர்ணமே போனை எடுத்துவிட்டாள். தலைவிரி கோலம், நைட்டி பின்பக்கம் முன்னாக, கன்னத்தில் காய்ந்த சோறு. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தபோது சொர்ணம் போனைப் பார்த்து, "யாரு நீ? இங்க அட்மிஷன் முடிஞ்சு போச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

வடிவு சட்டென்று போனை வைத்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து என்னை மட்டும் கூப்பிட்டாள். மூக்கடைத்த குரல். "எத்தன நாளாப்பா இப்பிடி?" என்றாள். இன்றைக்குத்தான் கொஞ்சம் அப்படி என்றேன். "பொய் சொல்லாதீங்கப்பா. உங்க முகம் ஏன் இப்பிடி ஊதியிருக்கு?" கேமரா சரியில்லை என்றேன்.

மத்தியானம் சொர்ணம் ருசி பார்த்துவிட்டு வழக்கம்போலக் கேட்டாள், "ஆச்சு" என்றேன். பிறகு நேராக என் முகத்தைப் பார்த்து, "நீங்க சாப்பிட்டீகளா அண்ணாச்சி?" என்றாள். வாசலில் யாரும் இல்லை.

நாற்பத்தைந்து வருஷம் குடித்தனம் நடத்தியவனை அண்ணாச்சி என்கிறாள். யாரிடம் போய்ச் சண்டை போடுவது? சட்டியைக் கழுவி வைத்துவிட்டுக் கொல்லைப்புறத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஜூலை 2, புதன்

ஆபிதாவும் வடிவும் சேர்ந்து அறக்கட்டளைக்குப் போன் செய்திருக்கிறார்கள். என்னைக் கேட்காமல். வெள்ளிக்கிழமை ஜெபராணி மறுபடியும் வருகிறாள். துடைப்பத்தையும் பினாயிலையும் ஆபிதா தன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். திருட்டுக் கழுதை.

ஜூலை 4, வெள்ளி

எழுத்துக் கோணலாக வருகிறது. பரவாயில்லை.

காலையிலிருந்து எதையும் தொடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாற்காலியில் ஈரமான போர்வை கிடந்தது. அதை ஒன்றை மட்டும் எடுத்துவிடலாம், வருகிறவள் உட்கார இடம் வேண்டுமே என்று எழுந்தேன். நெஞ்சுக்குள் யாரோ மூட்டையை இறக்கி வைத்ததுபோல் இருந்தது. போர்வையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். எழ முடியவில்லை. அந்த நேரம் பார்த்துத்தான் ஜெபராணி உள்ளே வருகிறாள், கூட ஆபிதா.

சொர்ணம் கட்டிலிலிருந்து எழுந்து நின்றாள். நனைந்த நைட்டி, அவிழ்ந்த கொண்டை. வணக்கம் வைத்தாள். அந்த வணக்கத்தில் மட்டும் ஒரு குறையும் இல்லை.

"வாங்க மேடம். மன்னிச்சுக்கிடுங்க, இன்னைக்கு இடம் சுத்தமா இல்ல. எங்க சமையல்காரருக்கு உடம்பு முடியல."

சமையல்காரர் நான்தான். ஜெபராணி என்னைப் பார்த்தாள், பிறகு அவளைப் பார்த்தாள். "சொல்லுங்கம்மா" என்றாள்.

"போன தடவ நீங்க வந்தப்ப ஒரு குறையும் இல்லன்னு சொன்னேன். பொய் மேடம். ரெண்டு பேரு செய்ய வேண்டிய வேலைய இந்த மனுஷன் ஒத்த ஆளாப் பாக்காரு. உதவியாளர் போஸ்டு காலியாவே கெடக்கு. நானும் எழுதி எழுதிப் போடுதேன், மேல ஒருத்தரும் கண்டுக்கிட மாட்டேங்காக. இவரு காலப் பாருங்க. சாக்ஸப் போட்டு மறைக்காரு. பிள்ளைகளுக்குப் போட்டுட்டு, எனக்கும் வச்சிட்டு, அவரு ஒரு வாய் சாப்பிடுறதில்ல. நான் பாக்கலன்னு நெனைக்காரு. எனக்கு எல்லாம் தெரியும்."

ஆபிதா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நல்ல மனுஷன் மேடம். வள்ளுவள்ளுன்னு விழுவாரு, ஆனா ஒரு நாள் லீவு போட்டதில்ல. இவரு விழுந்துட்டாருன்னா இந்த சென்டர மூட வேண்டியதுதான். பிள்ளைக பட்டினி கெடக்கும். ஒரு ஆளப் போட்டுக் குடுங்க."

நான் உன் புருஷனடி என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. ஆபீசர் முன்னால் எனக்காகப் பேசிக்கொண்டிருந்தாள் அவள். குறுக்கே விழுந்து கெடுக்க மனசு வரவில்லை. அழுகை வந்தது. மறைக்கவும் தெம்பு இல்லை.

ஜெபராணி தரையில் என் பக்கத்தில் உட்கார்ந்து சாக்ஸைக் கழற்றினாள். கட்டைவிரலால் காலை அமுக்கினாள். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது. "போன தடவ நான் உங்களப் பாக்கவே இல்ல சார். தப்பு என் மேலதான்" என்றாள். அப்போதும் என் கோபம் அடங்கவில்லை. "ஆள் கேட்டது அவளுக்கும்மா. என் காலை எதுக்கு அமுக்குதீக?" என்றேன். "ஆள் உங்க பேர்லதான் போடப் போறேன். அவங்கள அந்த ஆள் பாத்துக்குவா. நீங்க இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும்" என்றாள்.

ஆள் திங்கட்கிழமைதான் வருமாம். அதுவரை முடியாது, வருகிற ஆளை என் கண்ணால் பார்க்காமல் நகர மாட்டேன் என்றேன். அறக்கட்டளைக்கும் டாக்டருக்கும் போன் போட்டு அவளே சண்டை பிடித்தாள். எனக்கு மேல் கத்தக்கூடிய ஒரு பிறவியை இன்றுதான் பார்த்தேன். நாளைக் காலை ஆள் வந்துவிடும், வந்ததும் நான் ஆம்புலன்ஸில் ஏறிவிட வேண்டும் என்று முடிவாயிற்று. வடிவு ராத்திரி பஸ் ஏறுகிறாள்.

ஜூலை 5, சனி

ஆள் வந்துவிட்டது. மாரித்தங்கம், கழுகுமலைக்காரி. "கும்பிடுதேன் டீச்சர், டூட்டில சேர வந்திருக்கேன்" என்று வாசலிலேயே சொன்னாள், ஆபிதா சொல்லிக்கொடுத்திருப்பாள். சொர்ணம் சிரிக்கவில்லை, தட்டையும் வீசவில்லை. அரிசி டின்னைக் காட்டினாள். கெட்டிக்காரியாகத்தான் தெரிகிறது. சேலையை மட்டும் இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்டினால் தேவலை.

வண்டி வந்துவிட்டது.

ஜூலை 10, வியாழன்

இந்த ஆஸ்பத்திரிக் கஞ்சியைக் குடிப்பதற்கு ஜெயிலுக்குப் போகலாம். உப்பு கூடாதாம். உப்பில்லாமல் மனிதன் எதற்கு உயிரோடு இருக்க வேண்டும் என்று கேட்டேன். நர்ஸ் வடிவைப் பார்க்கிறாள், வடிவு என்னை முறைக்கிறாள். அவளாகவே போய் என் நோட்டை வீட்டிலிருந்து எடுத்து வந்தாள். படித்திருப்பாள். கண் சிவந்திருந்தது. நான் கேட்கவில்லை.

கால் வற்றியிருக்கிறது. ஷூ ஏறும்.

மத்தியானம் கஞ்சியை நகர்த்தி வைத்துவிட்டேன். அந்த நேரம் மாரித்தங்கம் வடிவுக்குப் போன் செய்தாள். டீச்சர் தட்டைத் தொட மாட்டேன் என்கிறாளாம். பிள்ளைகள் சாப்பிட்டாச்சு என்று சொல்லியும் கேட்கவில்லையாம். "அது இல்லக்கா. சமையல்காரரு சாப்பிட்டாரா, சாப்பிட்டாரான்னு கேக்காக. சாப்பிட்டாருன்னு சொன்னா, நீ பாத்தியான்னு கேக்காக. நான் என்ன செய்ய?"

வடிவு என்னைப் பார்த்தாள். நான் கஞ்சிக் கிண்ணத்தை இழுத்து, மூச்சு விடாமல், கடைசிச் சொட்டுவரை குடித்தேன். வாயைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கி, சொர்ணத்தின் காதில் வைக்கச் சொன்னேன்.

"ஆச்சு டீச்சர்" என்றேன். "பிள்ளைக எல்லாரும் சாப்பிட்டாச்சு. நானும் சாப்பிட்டேன். நீங்க சாப்பிடுங்க."

 அந்தப் பக்கம் தட்டு தரையில் இழுபடும் சத்தம் கேட்டது.